கொடுவாவுக்கு எந்த எண்ணெய்? சாளை, பாமாயில், சோயா: எங்கள் கூண்டில் போட்டுப் பார்த்த கணக்கு

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள், கடலில் கொடுவா மீன் வளர்க்கும் எங்கள் கூண்டுக்குப் போடச் சங்காயம், அதாவது விசைப்படகு வலையில் சேர்ந்து வரும் மலிவான பொடிமீன், தீர்ந்துபோனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது தெரிந்ததுதான். தெரிந்துதான் ஐஸ் பெட்டிகளில் சூடை, காரல் என்ற சின்ன மீன்களைச் சேர்த்து வைத்திருந்தோம். கடைசிப் பெட்டியைத் திறந்தபோது சூடையின் வயிறு உடைந்திருந்தது, முதுகுச் சதை மஞ்சள் பாரித்திருந்தது. சரியாகக் காயாமல் மழைக்காலம் முழுக்க மூட்டையில் கிடந்த சாளைக் கருவாட்டில் ஒரு சிக்கு வாடை வருமே, அதே வாடை. பசித்துச் சுற்றும் மீனைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. அதையும் நறுக்கிப் போட்டோம்.

பத்து நாளில் சில மீன்கள் கறுத்து, வலையோரமாகத் தனியே நின்றன. ஒன்றைப் பிடித்து அறுத்தோம். செவுள் வெளுத்திருந்தது. ஈரல் செம்பழுப்பாக இருக்க வேண்டும். இது பழைய தேங்காய்ப் பருப்பு நிறத்தில் இருந்தது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் மிதந்தது. கொழுப்பு ஏறிய ஈரல் அப்படித்தான் மிதக்கும்.

அன்றைக்குத்தான் தீவனத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்தோம். மாறப் போனால் அடுத்த கேள்வி வந்து நின்றது. இரண்டு மூட்டைத் தீவனம் வாங்கி வந்தோம். இரண்டின் சீட்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்று. கொழுப்பும் இரண்டிலும் 10 சதவீதம் என்றே போட்டிருந்தது. விலையில் மட்டும் நல்ல வித்தியாசம். ஏன் என்று துருவியபோது வந்த பதில், எண்ணெய். ஒன்றில் மீன் எண்ணெய், மற்றதில் பெரும்பகுதி தாவர எண்ணெய். கொழுப்பு என்று ஒரே எண்ணைச் சீட்டில் போட்டுவிடுகிறார்கள், அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பது சீட்டில் இல்லை.

மண்டபத்திலிருந்து தொண்டி வரை வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கூண்டு போட்டிருப்பவர்களுக்கும், போட நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் மீன் கொடுவா. கடல்விரால் என்கிற கோபியா வளர்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

கண்மாய்க் கெண்டையும் கடல் கொடுவாவும்

எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே, கொழுப்புதானே என்று எங்கள் குழுவில் மூத்த மாமா கேட்டார். நியாயமான கேள்வி. மாட்டுக்குப் பிண்ணாக்கு வைக்கிறோம், அது என்ன எண்ணெய்ப் பிண்ணாக்கு என்று இவ்வளவு தூரம் பார்ப்பதில்லை.

கொடுவா விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும். மீனின் கண், மூளை, நரம்பு, ஒவ்வொரு செல்லின் சவ்வு எல்லாவற்றிலும் டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் வேண்டும். இவை நீளமான கொழுப்புகள்: ஒன்றில் 22 கார்பன், மற்றதில் 20. சோயா, ஆளிவிதை போன்ற தாவர எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 குட்டையானது, 18 கார்பன்தான். கண்மாயில் வளரும் ரோகு, திலேப்பியா மாதிரியான நன்னீர் மீன்கள் அந்தக் குட்டையானதை எடுத்துத் தாமே ஓரளவு நீளமாக்கிக்கொள்ளும். கடலில் இரை பிடித்துத் தின்னும் மீன்களிடம் அந்த வேலை நடப்பதே அரிது. கடலின் நுண்பாசி அதைத் தயாரிக்கிறது, பாசியைத் தின்கிற சாளை சேர்த்து வைக்கிறது, சாளையை விழுங்குகிற கொடுவாவுக்குச் சமைத்த சோறாகக் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சமைத்தே கிடைத்ததால் அடுப்பு மூட்டவே அதற்குத் தெரியாது.

அதனால் கண்மாயில் கெண்டை வளர்க்கிற மச்சான் ‘நாங்க தவிடும் கடலைப் பிண்ணாக்கும்தான் போடுறோம், ஒரு குறையும் இல்லையே’ என்று சொன்னால் அவர் சொல்வதும் சரி. அவருடைய மீன் வேறு. கொடுவாவின் தீவனத்தில் இந்த நீண்ட ஒமேகா 3 எடையில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சங்காயத்திலேயே தொடர்ந்தால்?

முதல் வழி, எதையும் மாற்றாமல் இருப்பது. எண்ணெய் என்ற வகையில் மட்டும் பார்த்தால் புதிய சூடையை விடக் கொடுவாவுக்குப் பொருத்தமான உணவு கிடையாது. டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. இரண்டும் அதில் தாராளம். புதிதாக இருக்கும்வரை.

நம் விசைப்படகு கரை சேர்ந்து, சங்காயம் ஏலம் போய், ஐஸ் கண்டு, கூண்டுக்கு வரும்போது நேரம் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். சங்காயத்தைப் படகில் ஐஸ் போட்டு யாரும் பாதுகாப்பதில்லை. எந்தக் கொழுப்பு மீனுக்கு நல்லதோ அதே கொழுப்புதான் சீக்கிரம் கெடுவதும். அப்புறம் சாளை, சூடை, நெத்திலி இனங்களின் பச்சை உடலில் தயாமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 சத்தைச் சிதைத்துவிடும். பச்சைச் சூடையே மாதக்கணக்கில் போட்டால் எண்ணெய் நிறைந்திருந்தும் வைட்டமின் பற்றாமல் மீன் சோர்ந்துபோகும்.

அளவும் பெரிய இடி. ஒரு கிலோ மீன் வளர ஆறு, ஏழு கிலோ சங்காயம் போகிறது. நல்ல தீவனம் என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். சங்காயம் நறுக்கிப் போடும்போது கூண்டைச் சுற்றி எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெய்க்கும் நாம்தான் காசு கொடுத்தோம், மீன் வாய்க்குள் அது போகவில்லை. எங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்க மிதவை போட்டிருக்கும் அக்காமார் கயிற்றில் பிசுபிசுப்பு ஏறுகிறது என்று சத்தம் போட்டதும் இந்தப் படலத்தால்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்காயக் குவியலில் கையை விட்டுக் கிளறினால் விரல் நீளச் சீலா, ஊளி, நண்டுக் குஞ்சு எல்லாம் வரும். விட்டிருந்தால் ஆறு மாதத்தில் நம் வலைக்கே வந்திருக்கும் மீன். அதை அள்ளிக் கூண்டுக்குள் போட்டு நாலு காசு பார்ப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சங்காயத்தை நான் கைவிட்டதில் இதற்கும் பாதிப் பங்கு உண்டு.

சாளை எண்ணெய்த் தீவனம்

சரி, தீவனத்துக்கு வருவோம். மீன் எண்ணெய் முழுமையாகப் போட்ட தீவனம் கொடுவாவுக்கு மிகச் சிறந்தது. இதில் இரண்டு பேச்சு கிடையாது. மீன் எண்ணெயில் டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட கால் பங்கு இருக்கும். மீன் நன்றாக மேயும், நோய் தாங்கும், வலையில் அள்ளித் தரம் பிரிக்கும்போது துவண்டு போகாது.

இடிக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று விலை. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் கிடைக்கும் மீன் எண்ணெய் சுமார் 10 லட்சம் டன்தான், அதில் பெரும்பகுதி மீன் வளர்ப்புக்கே போகிறது. 2023இல் எல் நினோவால் பெரு நாட்டில் அந்த வருடத்தின் முதல் நெத்திலிப் பருவத்தையே ரத்து செய்தார்கள். மீன் எண்ணெய் விலை உலகம் முழுக்க ஏறியது. எங்கோ தென்னமெரிக்காவில் நெத்திலி படவில்லை என்றால் பாம்பனில் மூட்டை விலை ஏறும் தொழில் இது.

இரண்டாவது, கெட்டுப்போவது. இதைச் சொல்ல என் தாத்தாவின் வள்ளத்துக்குப் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து மீன் எண்ணெய் பூசுவார். ஒரு வாரத்தில் பலகை மேல் அது தோல் மாதிரி இறுகிவிடும், நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டுதான் எண்ணெய் அப்படி இறுகுகிறது. வர்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் கலப்பதும் இதே குணத்துக்காகத்தான். வள்ளத்துக்கு அது வரம். தீவன மூட்டைக்குள் அதே வேலை நடந்தால் வினை. பாமாயிலையோ தேங்காய் எண்ணெயையோ வள்ளத்தில் பூசினால் மாதம் ஆனாலும் எண்ணெயாகவே வழியும். எந்த எண்ணெய் மூட்டையில் தாக்குப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதற்கு இதை விட எளிய பாடம் எனக்குத் தெரியாது.

இதில் எங்களுக்கு ஒரு சூடு பட்டது. தீவனத்தின் மேல் நாமே தடவிக்கொள்ளலாம் என்று ஒரு வியாபாரியிடம் ஒரு பீப்பாய் சாளை எண்ணெய் வாங்கினோம். விலை மலிவு. பீப்பாய் இரும்பு, உள்ளே துரு. தகரக் கொட்டகையில் வைத்தோம், மே மாத வெயில். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால் வர்ணக் கடை நெடி. இரும்பும் வெயிலும் பாதி காலியான பீப்பாயின் காற்றும் சேர்ந்தால் மீன் எண்ணெய்க்கு அதை விடக் கெட்ட இடம் கிடையாது. அந்த எண்ணெயைத் தின்ற மீனின் உடம்பில் வைட்டமின் ஈ முழுக்க நச்சை முறிக்கவே செலவாகும். ஈரல் மஞ்சளாகும், சோகை பிடிக்கும், சதை மெலியும். தடைக்காலத்தில் கெட்ட சூடை செய்த அதே வேலை. பாதிப் பீப்பாயைக் குழி தோண்டிக் கொட்டினோம்.

இப்போது வாங்குவதற்கு முன், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவைக் கேட்கிறோம். 5க்குள் இருந்தால் புதிய எண்ணெய். 20ஐத் தாண்டியது எந்த விலைக்கும் வேண்டாம். ஆனால் சீட்டை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெய் ரொம்பவும் கெட்ட பிறகு இந்த அளவு மறுபடி இறங்கிவிடும், ஏனென்றால் பெராக்சைடே உடைந்து வேறு பொருளாகிவிடுகிறது. அங்கே மூக்குதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில், கழுத்து வரை நிரப்பி, நிழலில் வைக்கிறோம்.

பாமாயில், சோயா, மற்றவை

தாவர எண்ணெய் என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தப்பு. மீன் உடம்பில் பாமாயில் செய்வது வேறு, சோயா செய்வது வேறு.

சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா 6. சூரியகாந்தியில் பொதுவாக இன்னும் கூடுதல். கொடுவா இதை எரித்துத் தீர்க்காது, சதையில் சேர்த்து வைக்கும். ஒமேகா 6 ஏறினால் ஒமேகா 3 இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அழற்சியைத் தூண்டும் பக்கமாக உடம்பு சாய்கிறது, ஈரலில் கொழுப்பு படிகிறது. வாடைக் காலத்தில் கடல் கலங்கி, மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்து, வலையில் உரசிப் புண்ணாகி நிற்கும்போது அந்தப் பலவீனம் வெளியே தெரியும். நல்ல நாளில் எடை பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் எடையை மட்டும் வைத்து எண்ணெயை மதிப்பிடக் கூடாது என்கிறேன்.

பாமாயிலில் ஒமேகா 6 பத்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி பால்மிட்டிக், ஒலெயிக் என்ற கொழுப்பு அமிலங்கள். இவற்றைத்தான் மீன் முதலில் அடுப்பில் போட்டு எரிக்கும். எரிக்க விறகு தனியாகக் கிடைத்தால், டி.எச்.ஏ.வை விறகாக்காமல் கட்டடத்துக்கு மரமாக வைத்துக்கொள்ளும். சோயாவுடன் கலப்பதை விடப் பாமாயிலுடன் கலக்கும்போது மீன் எண்ணெய் நீண்ட நாள் உடம்பில் தங்குவதற்கு இதுவே காரணம். குளிர்ந்த கடலில் பாமாயில் சரியாகச் செரிக்காது என்று ஒரு குறை உண்டு. நம் வடகடல் தண்ணீருக்கு அந்தக் கவலை இல்லை, மார்கழியிலும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். பாமாயில் எளிதில் கெடாது, விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். என் ஓட்டு பாமாயிலுக்கு. சாப்பாட்டில் நாம் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம் என்பதற்காக மீனுக்கும் அது ஆகாது என்று எண்ண வேண்டியதில்லை.

ஆளிவிதை எண்ணெயை ஒரு நண்பர் விடாப்பிடியாகச் சிபாரிசு செய்தார். அதில் பாதிக்கு மேல் ஒமேகா 3 என்பது உண்மை. ஆனால் அந்தக் குட்டையான ஒமேகா 3. கொடுவா அதை நீட்டிக்கொள்ளாது என்று மேலே சொன்னேன். விலையும் கூட, கெடுவதிலும் மீன் எண்ணெயோடு போட்டி. வேண்டாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் நம் வீட்டுக்கு நல்லவை. மீனுக்குப் பாமாயில் தராத எதையும் அவை தரப்போவதில்லை. தேங்காய் எண்ணெய் உடனே எரிந்து சக்தி தரும், கெடாது. இப்போதைய விலையில் அதைப் பேசிப் பயனில்லை. கோழிக் கொழுப்பு பரவாயில்லை ரகம், பாமாயிலுக்குக் கொஞ்சம் கீழே.

ஓட்டல்களில் பூரி சுட்டு மிச்சமான எண்ணெயை வாங்கிக் கலக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ராமேசுவரத்துக்கு வரும் கூட்டத்துக்கு அது தினமும் கேன் கேனாகக் கிடைக்கும்தான். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய், கெட்டுப்போன எண்ணெயின் இன்னொரு உருவம். தொடாதீர்கள்.

நுண்பாசி எண்ணெய் ஒன்று வந்திருக்கிறது. சைசோகைட்ரியம் என்ற நுண்ணுயிரைத் தொட்டிகளில் வளர்த்துப் பிழிவது. டி.எச்.ஏ. அதில் மீன் எண்ணெயை விட மிக அதிகம், ஒரு மீனையும் பிடிக்க வேண்டியதில்லை. விலை கூடுதல் என்பதால் குஞ்சுப் பருவத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும். பாசி என்றதும் நம் மிதவையில் வளர்கிற கப்பாபைகஸிலிருந்து இதை எடுக்க முடியுமா என்று பல பேர் கேட்டார்கள். முடியாது. அதில் கொழுப்பு மிகச் சொற்பம், அது கெராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுப்பதற்கான பாசி.

ஒரு டன் தீவனத்தில்

எவ்வளவு பாமாயில் போடலாம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தீவனத்தில் மீன்தூள் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மீன்தூளிலேயே எண்ணெய் மிச்சம் இருக்கிறது, எடையில் சுமார் 9 சதவீதம்.

ஒரு டன் தீவனம், கொழுப்பு 10 சதவீதம், அதாவது 100 கிலோ. மீன்தூள் 400 கிலோ போட்டால் அதிலிருந்து 36 கிலோ கடல் எண்ணெய் வந்துவிடும். தவிடு, சோயாப் பிண்ணாக்கு எல்லாம் சேர்ந்து ஒரு 14 கிலோ. மேலே ஊற்ற வேண்டியது 50 கிலோதான். மீன்தூளில் வந்த 36 கிலோவில் கால் பங்கு, 9 கிலோ, நீண்ட ஒமேகா 3. ஒரு டன்னுக்கு 0.9 சதவீதம். நாம் தேடும் 1 சதவீதத்தை அனேகமாகத் தொட்டுவிட்டோம். மேலே ஊற்றும் 50 கிலோவில் பாதி மீன் எண்ணெயும் பாதி பாமாயிலுமாகப் போட்டால் 1.5 சதவீதம். தாராளம்.

மீன்தூளை 150 கிலோவாகக் குறைத்துச் சோயாப் பிண்ணாக்கைக் கூட்டினால் கதை மாறுகிறது. கடல் எண்ணெய் 13.5 கிலோ, அதில் நீண்ட ஒமேகா 3 சுமார் 3.4 கிலோ, அதாவது 0.34 சதவீதம். இதன் மேல் ஊற்றுவது முழுக்கத் தாவர எண்ணெய் என்றால் மீன் மெல்ல மெல்ல வற்றிப்போகும்.

எங்களுக்கு வந்த மலிவு மூட்டையில் நடந்தது இதுதான். மீன்தூளும் குறைவு, எண்ணெயும் சோயா. ஏதாவது ஒன்றைத்தான் குறைக்கலாம், இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் கொடுவா தாங்காது. பல கடல் மீன்களில் நடந்த ஆய்வுகளும், மீன்தூள் போதுமான அளவு இருந்தால் ஊற்றும் எண்ணெயில் பாதி வரை தாவர எண்ணெயாக்கினாலும் வளர்ச்சி குறைவதில்லை என்றே காட்டுகின்றன. நார்வேயில் 1990இல் சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடல் பொருள். 2013இல் அது 30 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. சால்மன் அந்த மாற்றத்தைத் தாங்கியது. அது ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகிற மீன், குட்டைக் கொழுப்பைக் கொஞ்சமாவது நீட்டத் தெரிந்தது. அதைப் பார்த்துக் கொடுவாவை அந்த அளவுக்கு இழுக்கக் கூடாது.

வயசுக்கு ஏற்ற எண்ணெய்

இவ்வளவும் பார்த்த பிறகு எங்களுக்குப் பிடிபட்டது, ஒரே எண்ணெயைத் தேடியதுதான் தப்பு என்பது. குஞ்சுக்கு ஒன்று, நடுவயசுக்கு ஒன்று, அறுவடைக்கு முன் ஒன்று.

குஞ்சில் கை வைக்கவே கூடாது. எண்ணெயின் கதை தாய் மீனிலேயே தொடங்குகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2010இல் கோபியாவையும் 2011இல் பொம்பானோ என்ற கடல்மீனையும் இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. தாய் மீனுக்கு அங்கே கணவாயும் சாளையும் போடுவார்கள். தாய் தின்ற கொழுப்புதான் முட்டைக்குள் போகும். பொரித்த குஞ்சுக்கு முதல் இரை ரோட்டிபர் என்ற மிக நுண்ணிய உயிர், அப்புறம் ஆர்டீமியா என்ற குட்டி இறால் மாதிரியான உயிர். இவை இரண்டிலும் டி.எச்.ஏ. இயல்பாகவே குறைவு. அதனால் டி.எச்.ஏ. நிறைந்த எண்ணெய்க் குழம்பில் சில மணி நேரம் விட்டு, அவற்றின் வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் சோம்பினால் பார்வை மந்தமாகும், நிறம் சரியாக வராது, எலும்பு கோணும்.

நாங்கள் இரண்டு இடத்தில் குஞ்சு வாங்கினோம். விடியற்காலை, கரையில் பாய் விரித்துப் பைகளை இறக்கினோம். சின்னக் கைவலையில் இருபது குஞ்சு அள்ளி வாளியில் விட்டேன். ஒரு இடத்துக் குஞ்சு வாளியில் விழுந்ததும் சிதறி ஓடியது. மற்ற இடத்துக் குஞ்சில் ஏழெட்டு விறைத்து, செவுள் விரிந்து, பக்கவாட்டில் சாய்ந்தன. சில மறுபடி எழுந்தன, சில எழவில்லை. கொடுவாக் குஞ்சில் இந்த மயக்கம் டி.எச்.ஏ. பற்றாக்குறையோடு சேர்த்துச் சொல்லப்படும் அடையாளம். பயணத்தில் தண்ணீர் சூடானாலும் குஞ்சு சாயும், அதனால் இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பைகளும் ஒரே வண்டியில்தான் வந்தன. இப்போது குஞ்சு வாங்குவதற்கு முன்னால் ரோட்டிபருக்கும் ஆர்டீமியாவுக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறேன். உடனே பதில் சொல்பவரிடம் வாங்குகிறேன்.

கூண்டுக்கு வந்து சுமார் 100 கிராம் ஆகும்வரை மீன் எண்ணெய்த் தீவனமே. இந்த வயசில் மீன் தின்னும் அளவு கொஞ்சம், விலை கூடினாலும் மொத்தச் செலவில் பெரிதாகத் தெரியாது. நாம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிற இடம் இதுவல்ல.

100 கிராமிலிருந்து 400 கிராம் வரை பாமாயிலும் மீன் எண்ணெயும் பாதிப் பாதி. இங்கேதான் காசு மிச்சமாகிறது.

400 கிராமுக்கு மேல் மறுபடி மீன் எண்ணெய். ஏன் 400? கணக்கு எளிது. 400 கிராமில் மாற்றி 1,200 கிராமில் அறுவடை செய்தால் மீன் மூன்று மடங்காகிறது. பழைய எண்ணெயின் சாயல் சதையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக நீர்த்துப்போகும். தின்கிறவர் தட்டுக்குக் கடல் மீனின் ஒமேகா 3 போய்ச் சேரும். ஒரு கிலோ ஆன பிறகு கடைசி பதினைந்து நாள் மட்டும் மீன் எண்ணெய்த் தீவனம் போட்டால் ஒன்றும் மாறாது. சோயா போட்டு வளர்த்திருந்தால் இன்னும் கஷ்டம், அந்த ஒமேகா 6 அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

கடைசிக் கட்டத்தில் தீவனத்தின் மேல் நாமே எண்ணெய் தடவுவதும் உண்டு. ஒரு கிலோவுக்கு 20 மில்லி, அதற்கு மேல் இல்லை. நிழலில் தார்ப்பாய் விரித்துத் தீவனத்தைப் பரப்பி, எண்ணெயைத் தெளித்து, இரண்டு கையாலும் கீழிருந்து மேலாகப் புரட்டிக் கொடுத்து அரை மணி விட்டுவிட்டால் உள்ளே இறங்கிவிடும். அன்றைக்குத் தடவியதை அன்றைக்கே போட்டுத் தீர்க்க வேண்டும். அதிகமாகத் தடவினால் வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டி வளரும். அறுத்துச் சுத்தம் செய்யும்போது வாங்குகிறவர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

கோபியா வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நம் கொடுவாவை விட மிக வேகமாக வளரும், டி.எச்.ஏ.வுக்கு ஏங்குவதும் அதிகம். நடுக் கட்டத்திலும் பாமாயிலை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன்.

இந்தத் தடவை தடைக்காலம் முடிந்து குஞ்சு இறக்குகிறோம். முதல் ஆறு மூட்டை மீன் எண்ணெய்த் தீவனம் வந்துவிட்டது. நடுக் கட்டத்துக்குப் பாதிப் பாதி கலந்து தரச் சம்மதித்த ஒரு தீவன ஆலையில், மீன்தூள் எத்தனை கிலோ என்பதையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். மாமா இப்போது மூட்டையைப் பிரித்ததும் முதலில் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார். சிக்கு வாடை வந்தால் படகில் ஏற்றவே விடமாட்டார்.